சேமியாவின் எடை

மார்ச் 5, விபூதிப் புதன்

எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் கிடையாது. டாக்டர் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். மனுஷ டாக்டர் இல்லை, கால்நடை டாக்டர். எலிகளுக்காக.

எங்கள் வீட்டில் இரண்டு எலிகள் இருக்கின்றன. தானாக ஓடி வந்தவை இல்லை, காசு கொடுத்து வாங்கியவை. பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தாறு வருடம் இரைச்சலுக்கு நடுவே வேலை பார்த்த என் கணவர் சவரிமுத்து, ஓய்வு பெற்ற பிறகு சத்தம் போடாத பிராணியாகப் பார்த்து வளர்க்க வேண்டும் என்று வண்ணமீன் கடையிலிருந்து அண்ணன் தம்பியாக இரண்டு குட்டிகளை வாங்கி வந்தார். வெள்ளையாக இருப்பவன் சேமியா. தலை மட்டும் கறுத்தவன் மிளகு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் எலி விஷயத்தைக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு என்னைப் பார்த்துப் பாவமாக முகத்தை வைத்துக்கொள்வார்கள். இரண்டுமே எனக்குப் பிடிக்காது. எலியும் பிடிக்காது. இந்த இரண்டு வருடத்தில் ஒரு நாளும் நான் அவற்றைத் தொட்டதில்லை.

இப்போது அவற்றுக்கு இரண்டேகால் வயது. எலிக் கணக்கில் கிழவர்கள். மிளகு பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கிறான், இளைத்துக்கொண்டே போகிறான். சேமியா உருண்டு திரண்டு, கூண்டின் மேல்தட்டுக்கு ஏறப் போய்ப் பாதியில் மூச்சு வாங்குகிறான். இன்று காலை இருவரையும் கூடையில் வைத்து டாக்டர் மும்தாஜிடம் கொண்டுபோனோம். சின்ன வயதுப் பெண். இருவரையும் கையில் எடுத்துத் தடவி, எடை போட்டுப் பார்த்தார்.

"இந்த வயசுல ரெண்டுமே ஆபத்துதாம்மா. இவனுக்கு ஏறக்கூடாது, அவனுக்கு எறங்கக்கூடாது. சாப்பாட்டை அளந்து போடுங்க. வாராவாரம் ஒரே நாள்ல எடை பாத்து எழுதி வைங்க."

பார்க்க நன்றாகத்தானே இருக்கிறான் என்று இவர் சேமியாவுக்காகப் பரிந்து பேசினார்.

"எலி தனக்கு முடியலைன்னு வெளிய காட்டிக்காது சார். காட்டினா கூட இருக்கறது ஒதுக்கிரும்னு அதுக்குப் பயம். நமக்குத் தெரியறப்ப ரொம்ப முத்திப் போயிருக்கும். அதனால மூஞ்சியப் பாக்காதீங்க, எடையப் பாருங்க."

எனக்குச் சுருக்கென்றது. முப்பத்து நான்கு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள் நான். பெட்டிக்குள் காலை வைத்ததும் எந்த இருக்கையில் டிக்கெட் இல்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். என்னிடம் போய் முகத்தைப் பார்க்காதே என்கிறார். இவர் ஆட்டோவில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

சாயங்காலம் கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்ததும் இவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். தவக்காலம் முடியும்வரை ஒருசந்தி இருக்கப் போகிறாராம். நாளுக்கு ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. அறுபது தாண்டியவர்களுக்கு அது கடமை இல்லை என்று சாமியாரே பூசையில் சொன்னார். இவருக்கு அறுபத்தேழு. போன வருடம் பெரிய வெள்ளியன்றே மத்தியானம் சமையலறையில் நின்று முறுக்கைக் கடித்தவர். திடீரென்று என்ன பக்தி?

மார்ச் 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் எடை பார்த்தோம். சமையலறைத் தராசில் பிளாஸ்டிக் டப்பாவை வைத்து, இவர் ஒவ்வொருவராகத் தூக்கி உள்ளே விட்டார். சேமியா 552 கிராம். மிளகு 418.

டாக்டர் சொன்னபடி எல்லாம் மாற்றிவிட்டேன். கூண்டின் மேல்தட்டைக் கழற்றியாயிற்று. கீழே இவருடைய பழைய துண்டு, பனியன் எல்லாம் மெத்தையாகப் போட்டிருக்கிறது. சேமியாவுக்குக் கொஞ்சம் கம்பு, கொஞ்சம் ஓட்ஸ், மீதி பூசணியும் கீரையும்தான். மிளகைத் தனியாக ஒரு கூடையில் விட்டு அவித்த முட்டையும் மசித்த பழமும் கொடுக்க வேண்டும். சேர்த்து வைத்தால் சேமியா பிடுங்கித் தின்றுவிடுவான். எல்லாவற்றையும் நானே அளக்கிறேன். தீனி டப்பாவை உயர அலமாரியில் வைத்துவிட்டேன்.

இவர் இப்போதெல்லாம் தட்டை எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார். ஒருசந்திக்காரர் தனியாகச் சாப்பிடக் கூடாது, துணைக்கு இரண்டு பேர் இருக்கட்டும் என்று சிரிக்கிறார். நான் அடுப்பில் தோசையைத் திருப்பிக்கொண்டே இன்னொன்று வேண்டுமா என்று சத்தம் கொடுப்பேன். இன்னொன்று போடு என்பார். தட்டு துடைத்துவிட்டதுபோலத் திரும்பி வரும். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தான். இவர் சாப்பிட்ட பிறகு அடுப்பை அணைத்துவிட்டு நான் சாப்பிடுவேன்.

மார்ச் 12, புதன்

வேலைக்கு வரும் பரமேஸ்வரியின் மேல் ஒரு கண் வைக்க வேண்டும். பரமு எங்களிடம் வந்து ஆறு வருடம் ஆகிறது. வீட்டில் எலியைத் தொடுகிற பெண் அவள் ஒருத்திதான். சனிக்கிழமை சனிக்கிழமை கூண்டைக் கழுவுவதும் அவளே. இன்று சேமியாவிடம், "என்னடா கெழவா, பட்டினி போட்டுட்டாங்களா" என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். நான் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள்.

பட்டினியாம். இப்படி இரக்கப்படுகிறவர்கள்தான் ஒளித்து வைத்துப் போடுவார்கள். முட்டையை எண்ணி வைத்திருக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

சேமியா 566. மிளகு 415.

நான் அளந்து போடுவதில் ஒரு கிழ எலி இளைக்க வேண்டும். இவன் பெருக்கிறான் என்றால் யாரோ போடுகிறார்கள். முட்டை எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் அவள் வீட்டிலிருந்து கொண்டுவருகிறாள்.

இன்னொரு எரிச்சல். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் சட்டையை மாற்றிக் கொடுத்துவிட்டார். இவர் கோயிலுக்குப் போட்டுக்கொண்ட நீலக் கோடு போட்ட சட்டை தோளிலிருந்து சரிகிறது. கழுத்துப் பொத்தான் போட்டால் உள்ளே இரண்டு விரல் போகும். வேறு யாருடைய சட்டையோ. கேட்கப் போனேன். காலருக்குள் நம் வீட்டு அடையாளமாக நான் தைத்த சிவப்பு நூலைக் காட்டி, "இது உங்க சட்டைதாங்க்கா" என்கிறார். நூலைப் பிரித்து வேறு சட்டையில் தைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இவர், விடு பிலோ, சட்டைதானே என்றார். எல்லாவற்றுக்கும் விடு விடு. இந்த மனுஷரை வைத்துக்கொண்டு நான் ஒருத்தி கவனிக்காவிட்டால் வீட்டையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

மார்ச் 19, சூசையப்பர் திருநாள்

இவருடைய அண்ணன் சூசைராஜுக்காகப் பூசை வைத்தோம். அவர் போய் ஐந்து வருடம். தொண்டைக்குக் கீழே உணவுக் குழாயில் புற்று. கடைசி மூன்று மாதம் மூக்கில் குழாய் போட்டுத்தான் கஞ்சி ஊற்றினார்கள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் இவர்தான்.

திருநாள் என்பதால் பாயசம் வைத்தேன். ஒரு டம்ளர் குடித்தார். வடையைத் தட்டோடு கூண்டுப் பக்கம் கொண்டுபோனார். குழம்பு வேண்டாமாம். இப்போதெல்லாம் ரசம், மோர், ரசம், மோர். என் குழம்பைப் பற்றி யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 23, ஞாயிறு

சேமியா 581. வெட்கமே இல்லாமல் டப்பாவுக்குள் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொள்கிறான். மிளகு 419.

மார்ச் 25, செவ்வாய்

சாமியாரிடம் பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனோம். எனக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. இவர் உள்ளே போய் மண்டியிட்டவர் வெளியே வரவே இல்லை. பின்னால் நின்றவர்கள் செருமத் தொடங்கிவிட்டார்கள். வந்தபோது கண் சிவந்திருந்தது.

அப்படி என்ன பாவம்? ஒருசந்தி, நீண்ட பாவசங்கீர்த்தனம், இரவு சாப்பாடு வேண்டாம். ஒரு மனுஷன் இத்தனை தவம் செய்கிறான் என்றால் எதற்கோ பிராயச்சித்தம் தேடுகிறான். டிக்கெட் இல்லாதவன்தான் பரிசோதகரைக் கண்டதும் செபமாலையை எடுப்பான். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

பணிமனையில் கேன்டீனில் இருந்த அந்தப் பெண்ணின் பெயர் என்ன? இருபது வருடம் முன்னால். வேண்டாம், நினைக்கவே அசிங்கமாக இருக்கிறது. இருந்தாலும் இவர் செல்போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எலிகளின் படங்கள்தான்.

மார்ச் 30, ஞாயிறு

எடை பார்க்கவில்லை. பார்க்கிற மனநிலையில் யாரும் இல்லை.

இவருடைய கல்யாண மோதிரத்தைக் காணவில்லை. நேற்றுக் காலை காபி டம்ளரை வாங்கும்போது பார்த்தேன், விரல் வெறுமையாக இருந்தது. முப்பத்தெட்டு வருடம் கழற்றாத மோதிரம். இரண்டு வருடம் முன்பு விரல் வீங்கியபோது சோப்பு போட்டு, எண்ணெய் போட்டு, நானும் நர்ஸும் இழுத்தும் வராத மோதிரம். எங்கே என்று கேட்டால், "எங்கயோ விழுந்திருக்கும் பிலோ" என்கிறார். சோப்புக்கு வராதது தானாக விழுமா? குளிக்கும்போது கழற்றி வைத்தீர்களா என்றேன். பேசாமல் இருந்தார். அப்படியென்றால் கழற்றி வைத்திருக்கிறார். குளியலறையை வெள்ளிக்கிழமை கழுவியது யார்? பரமு.

நேற்றே அவள் வந்ததும் கேட்டேன். நேராகக் கேட்கவில்லை, முதலில் எலிக்கு வெளித்தீனி போடுகிறாயா என்று ஆரம்பித்தேன். இல்லை என்றாள். பிறகு, குளியலறையில் ஏதாவது கிடந்ததா என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ஆறு வருசமா இந்த வீட்டுச் சாவி எங்கிட்டதாம்மா இருக்கு. எடுக்கணும்னா ஒத்த மோதிரத்தையா எடுப்பேன்."

சாவியைத் தொலைக்காட்சிக்கு மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கூண்டைக்கூடக் கழுவவில்லை.

இவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, பரமு எடுத்திருக்க மாட்டாள் என்றார். பிறகு யார் எடுத்தது என்றேன். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள் என்று கத்தினேன். கூண்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து மிளகை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 2, புதன்

வஞ்சிரம் வறுத்தேன். இரண்டு துண்டு சாப்பிட்டார். பிரமாதம் என்றார். கோபம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, எனக்கு.

ஏப்ரல் 4, வெள்ளி

கூண்டு நாறத் தொடங்கிவிட்டது. வேறு ஆள் கிடைக்கவில்லை. தானே கழுவுவதாக இவர் சொன்னார். கூண்டைத் தூக்கப் போனவர் பாதியில் வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் சிலுவைப்பாதைக்கு இவரை அனுப்பிவிட்டு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, பழைய குளிர் கையுறையை மாட்டிக்கொண்டு நானே இறங்கினேன். முதல் தடவையாக எலிகளைத் தொட்டேன். மிளகு எடையே இல்லாமல் இருந்தான். சேமியா கையுறையை மோந்து பார்த்துவிட்டுப் பேசாமல் கூடைக்குள் போனான்.

மெத்தைத் துணிகளை உருவினேன். மூலையில் இவருடைய பழைய பனியனைச் சுருட்டிச் சேமியா ஒரு பொந்து செய்து வைத்திருந்தான். அதை உதறியதும் கொட்டியது. காய்ந்த இட்லி. தோசைத் துண்டுகள். சப்பாத்தி, நாலாக மடித்தது. பீன்ஸ் பொரியல். வடை. எல்லாம் நான் சமைத்தவை, பரமு வீட்டுச் சாப்பாடு ஒன்றுகூட இல்லை. அடியில் புதன்கிழமை வறுத்த வஞ்சிரம் துண்டு. ஓரத்தில் எலிப் பல் பட்டிருந்தது. மனுஷப் பல் எங்கும் படவில்லை.

எனக்குத் தலைக்கு ஏறியது. நான் அடுப்பில் வேகிறேன், இவர் எலிக்குப் பரிமாறுகிறார். வரட்டும் என்று குப்பைக் கூடையில் பனியனை உதறினேன். டங்கென்று ஒரு சத்தம்.

மோதிரம்.

கழுவினேன். பெயர் பொறித்திருக்கிறது, என் பெயர். என் கட்டைவிரலில் போட்டுப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. இது இரண்டு வருடம் முன்பு இவர் மோதிர விரலில் அசையாமல் இருந்தது. கம்பிக்குள் கையை விட்டுச் சாப்பாட்டைப் போடும்போது வழுவி விழுந்திருக்கிறது. தானாக. சோப்பு இல்லாமல்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீலக் கோடு சட்டை ஞாபகம் வந்தது. ரசமும் மோரும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. சூசைராஜ் அண்ணன்.

இவர் வந்தார். மோதிரம் என் ரவிக்கைக்குள் இருக்கிறது. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஏப்ரல் 5, சனி

மத்தியானம் இரண்டு தோசை ஊற்றினேன். அடுப்பை அணைத்தேன். இவர் தட்டோடு கூண்டுப் பக்கம் போவதற்குள் சாப்பாட்டு மேசையில் உட்காரச் சொல்லி, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு நானும் உட்கார்ந்தேன்.

"நீ சாப்பிடலையா?"

"நீங்க சாப்பிடுங்க. பாக்கறேன்."

சின்னத் துண்டாகப் பிய்த்தார். வாயில் போட்டு மென்றார், மென்றுகொண்டே இருந்தார். தண்ணீர் எடுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கட்டியது, நெஞ்சில் கையை வைத்து அழுத்திக்கொண்டார். ஒரு துண்டு தோசை உள்ளே போக அத்தனை பாடு. அது முடிந்து நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்தார். முப்பத்தெட்டு வருடத்தில் இந்த மனுஷர் சாப்பிடுவதை நான் எதிரே உட்கார்ந்து பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கோபம் வந்தது. என் மேல்தான்.

மோதிரத்தை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

"எத்தனை நாளா?"

"பொங்கல்லருந்து. முதல்ல கறி மட்டும் இறங்கல. அப்புறம் சோறு."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"அண்ணனுக்கு வந்ததுதான்னு தெரியும் பிலோ. ஆஸ்பத்திரிக்குப் போனா அவங்க வாயால சொல்லிருவாங்க. ஈஸ்டர் வரைக்குமாவது ஓட்டலாம்னு பாத்தேன்."

ஒருசந்தி அதற்காகத்தான். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. அந்த ஒரு வேளைச் சாப்பாட்டையும் வேண்டாம் என்றால் நான் சந்தேகப்படுவேன் என்று அதை மட்டும் வாங்கிக்கொண்டுபோய் எலிக்குப் போட்டிருக்கிறார். மோதிரம் எப்போது விழுந்தது என்றே தெரியாதாம். ஆனால் பரமு எடுக்கவில்லை என்று தெரியும். அதைச் சொல்லப் போனால் விரல் இளைத்த கதையையும் சொல்ல வேண்டும். சாமியாரிடம் சொல்லி அழுதது அதைப் பற்றியா என்று கேட்டேன். அது பரமு போவதற்கு முன்னாடி, அப்போது அழுதது உன்னை நினைத்து என்றார்.

நான் அழுதேன். இவரைத் திட்டினேன். பிறகு தோசையை ரசத்தில் கரைத்து வடிகட்டிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சேமியா 604. மிளகு 424.

பூசைக்குப் பிறகு இவரை ஜங்ஷனுக்குக் கூட்டிப்போனேன். முதல் நடைமேடையில் காசு போட்டால் எடையை அச்சடித்துக் கொடுக்கும் இயந்திரம் இருக்கிறது. வீட்டில் மனுஷத் தராசு கிடையாது. எலிக்குத்தான் உண்டு. ஏறி நின்றார், விளக்குகள் சுற்றின, சீட்டு விழுந்தது. எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

எத்தனையோ ஆயிரம் பேரிடம் அதே நடைமேடையில் கை நீட்டியிருக்கிறேன். இவரிடம் நீட்டியது முதல் தடவை.

"டிக்கெட்டைக் காட்டுங்க."

கொடுத்தார். 49. ஓய்வு பெறும்போது மருத்துவச் சோதனையில் 66.

பெஞ்சில் உட்கார்ந்துகொண்டோம். இவர் சீட்டின் பின்பக்கம் திருப்பி, "வெளியூர்ப் பயணம் கைகூடும்னு போட்டிருக்கு" என்றார். இந்த மனுஷரை என்ன செய்வது?

ஏப்ரல் 7, திங்கள்

ரயில்வே ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட்டாயிற்று. நாளைக்குத் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்ப்பார்கள்.

அதற்கு முன் இன்றே பரமு வீட்டுக்குப் போனேன். வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை. மோதிரம் எலிப் பொந்தில் கிடைத்தது, தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள் என்றேன். சுற்றி நாலு வீட்டுப் பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். கூண்டில் தோசையும் வடையும் கிடப்பதைத் தானும் வாராவாரம் பார்த்ததாகவும், நான்தான் எலிகளுக்குப் போடுகிறேன் என்று நினைத்ததாகவும் சொன்னாள். மீதிப் பாத்திரத்தையும் தேய்த்து முடித்தாள். பிறகு ஐயாவுக்கு என்ன என்றாள். சொன்னேன்.

"நீங்க ஆஸ்பத்திரியப் பாருங்க. எலிய நான் பாத்துக்கறேன். திரும்பி வந்ததும் ரெண்டும் இருக்கான்னு எண்ணிப் பாத்துக்குங்க."

அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டேன். சாவியையும் கொடுத்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

முடிவு வந்துவிட்டது. அதுதான்.

ஆனால் உணவுக் குழாய்க்குள்ளேயே இருக்கிறதாம், வேறு எங்கும் போகவில்லை. மருந்தும் கதிரும் கொடுத்து, சுருக்கிய பிறகு அறுவை செய்யலாம் என்கிறார் பெரிய டாக்டர். அண்ணனுக்கு வந்தபோது கல்லீரல் வரை போயிருந்தது, இது அப்படி இல்லை என்று இவரிடம் இரண்டு தடவை சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். எடை இதற்கு மேல் ஒரு கிராம் இறங்கக்கூடாது, ஏறினால்தான் உடம்பு மருந்தைத் தாங்கும், ஈஸ்டர் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்போம் என்றார்.

அளந்து கொடுங்கள், எழுதி வையுங்கள் என்றார். எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். இவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

கஞ்சியில் முட்டையை அடித்து, நெய் விட்டு, மிக்சியில் போட்டு, வடிகட்டி. பால் கேழ்வரகு. பூசணி சூப். வாழைப்பழத்தைப் பாலில் கரைத்து. இரண்டு மணிக்கு ஒரு தரம் ஒரு டம்ளர். மிளகுக்கு மசிப்பதிலேயே இவருக்கும் மசித்துவிடுகிறேன், வேலை மிச்சம். இதைச் சொன்னதும் இவர் மிளகைப் பார்த்து, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மெஸ்ஸுடா என்றார்.

தட்டோ டம்ளரோ எதுவும் சாப்பாட்டு மேசையை விட்டு நகரக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறேன். நானும் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். ஆறிப் போகிறது. போகட்டும்.

ஆனாலும் கடைக்குப் போகிற நேரம் இருக்கிறதே. குளிக்கிற நேரம் இருக்கிறதே. நான் திரும்பி வரும்போது டம்ளர் காலியாக இருக்கிறது. குடித்தேன் என்கிறார். சாப்பிட்டேன் என்று இரண்டு மாதம் சொன்னவர்தானே?

ஏப்ரல் 20, ஈஸ்டர்

தெரு முழுக்கப் பிரியாணி வாசனை. எங்கள் வீட்டில் முட்டைக் கஞ்சி.

பூசை முடிந்து ஜங்ஷனுக்குப் போனோம். 50 என்று விழுந்தது. இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் சட்டைப் பையைக் காலி செய்யச் சொன்னேன். பர்ஸ், சாவிக்கொத்து, செபமாலை, கண்ணாடிக் கூடு. எல்லாவற்றையும் நான் வாங்கிக்கொண்டு மறுபடி காசு போட்டேன். மறுபடியும் 50 என்றது. அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த இயந்திரம் எத்தனை வருடத்துப் பழசோ.

வீட்டுக்கு வந்து டம்ளரை முன்னால் வைத்து எதிரே உட்கார்ந்தேன். மோதிரத்துக்கு அடியில் நூல் சுற்றிப் போட்டுவிட்டிருக்கிறேன், விழாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினார். முழுவதும் குடித்தார். இரண்டு கையையும் காட்டச் சொன்னேன். விரித்துக் காட்டினார். மேசைக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன். கூண்டில் சேமியா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, மூக்கை ஆட்டி ஆட்டி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பரமு தராசை எடுத்து வைத்தாள். நான் கையுறை போடாமல் சேமியாவைத் தூக்கி டப்பாவில் விட்டேன். சூடாக இருந்தான். மீசையைத் துடைத்துக்கொள்ளவில்லை, கோபமாக இருந்தான்.

583.

இருபத்தொரு கிராம் குறைந்திருக்கிறான். தராசை அணைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். 583.

அதற்குப் பிறகுதான் இவரிடம், "சரி, குடிச்சிருக்கீங்க" என்றேன்.